பிள்ளையின் முடிப் பொட்டலமும் கன்னத்துப் பஞ்சுக் குச்சியும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, என் கணவர் கட்டாரில் சாரதி. போன வருடம் தைப்பொங்கலோடு லீவில் வந்து ஆறு வாரம் நின்றுவிட்டுப் போனார். ஆவணியில் மகன் பிறந்தான். முப்பத்துமூன்று வாரம்தான் ஆகியிருந்தது, நிறை 1.9 கிலோ. பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள், இரத்தமும் ஏற்றினார்கள். இப்போது ஐந்து மாதம், தாய்ப்பால்தான் குடிக்கிறான், நன்றாக இருக்கிறான். மாமி விரல்விட்டு எண்ணி, 'வந்து ஏழு மாதத்தில் பிள்ளையா' என்று தொடங்கிவிட்டார். கணவரும் டி.என்.ஏ. பரிசோதனை செய்தால்தான் மனம் ஆறும் என்கிறார். இரண்டு மாதமாகப் பணம் வரவில்லை. முப்பத்தோராம் நாள் மொட்டையடித்த முடியை மச்சாள் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறார். அதை அனுப்பினால் போதும் என்கிறார். மாமியோ இரத்தம் எடுத்தால்தான் சரி, எச்சிலில் எடுப்பது ஏமாற்று என்கிறார். கணவர் வர முடியாவிட்டால் மாமாவின் இரத்தத்தைக் கொடுக்கலாம் என்றும் ஒரு பேச்சு. எனக்குப் பயமில்லை அக்கா. உண்மை எனக்குத் தெரியும். எந்த முறையில் எடுத்தால் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்."

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையைப் பாடுபட்டுத் தேற்றி எடுத்த தாய், அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டி வந்ததை நினைக்க மனம் கனக்கிறது. மட்டக்களப்பில் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறேன். இந்தப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்க வருகிற பெண்களில் அநேகம் பேர் தலையைக் குனிந்தபடியே வந்து கதிரையில் உட்காருவார்கள். நீங்கள் குனிய வேண்டியதில்லை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை, நீங்கள், கணவர் மூவரிடமும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுங்கள். இரத்தம் வேண்டாம். முடி வேண்டவே வேண்டாம். அந்தக் குச்சியை உங்கள் வீட்டாரும் பிடிக்கக் கூடாது, அவர்கள் வீட்டாரும் பிடிக்கக் கூடாது. இரு தரப்புக்கும் உறவில்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் அடையாள அட்டை பார்த்து, கையொப்பம் வாங்கி, உறையை முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டீர்கள். அதைச் செய்யப் போவது இரத்தமும் அல்ல, எச்சிலும் அல்ல. மாதிரி யார் முன்னால் எடுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற எழுத்துதான் அதைச் செய்யும்.

மாமியின் பேச்சைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. டி.என்.ஏ. வருவதற்கு முன் தந்தை யார் என்று பார்க்கப் பெரும்பாலும் இரத்த வகைதான் இருந்தது. அதை வைத்து, இவர் தந்தையாக இருக்க முடியாது என்று சிலவேளை சொல்லலாமே தவிர, இவர்தான் தந்தை என்று ஒருபோதும் சொல்ல முடியாது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே ஒரு குடிவரவு வழக்கில், ஒரு சிறுவன் அந்தத் தாயின் பிள்ளைதான் என்று காட்ட அது பயன்பட்டது. அந்தத் தொடக்க காலத்தில் நிறைய டி.என்.ஏ. தேவைப்பட்டதால் இரத்தம் எடுப்பதே வழக்கமாக இருந்தது. பின்னர் மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.யையும் இயந்திரத்தில் வைத்துக் கோடிக்கணக்கில் பெருக்கிக்கொள்ளும் முறை வந்துவிட்டது. இப்போது கன்னத்தில் ஒட்டி வருகிற கொஞ்சம் கலங்களே போதும்.

நாம் பேசுகிற பேச்சும் மாமியை இரத்தத்தின் பக்கம் இழுக்கிறது. இரத்த உறவு என்கிறோம், எங்கள் இரத்தம் என்கிறோம். ஆனால் இரத்தத்துக்கு நிறம் கொடுக்கிற சிவப்பணுக்களில் இந்தப் பரிசோதனைக்கு வேண்டிய டி.என்.ஏ. இல்லை. கலத்தின் நடுவில் அந்த டி.என்.ஏ.யை வைத்திருக்கிற கரு என்ற பகுதியே அவற்றுக்குக் கிடையாது. ஆய்வுகூடம் வாசிப்பது வெள்ளையணுக்களில் இருப்பதை. வாயிலிருந்து எடுப்பதும் எச்சில் அல்ல, கன்னத்தின் உள்தோலில் இருந்து உதிர்கிற கலங்கள். வெள்ளையணுவில் எழுதியிருப்பதும் கன்னத்துக் கலத்தில் எழுதியிருப்பதும் ஒரே எழுத்து. ஒரே புத்தகத்தை எந்த அலுமாரியிலிருந்து எடுத்து வாசித்தாலும் கதை ஒன்றுதான். முறையாக எடுத்தால் இரண்டுக்கும் முடிவின் நம்பகத்தில் வித்தியாசம் கிடையாது. இதை மாமிக்கு நிதானமாகச் சொல்லுங்கள். நம்பாவிட்டால் மாதிரி எடுக்கிற நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எடுக்கிறவர் வாயாலேயே கேட்கட்டும்.

உங்கள் விடயத்தில் நான் இரத்தத்தை ஒதுக்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்கள். எனக்கு அதுதான் மிக முக்கியமான வரி. ஏற்றிய இரத்தத்தோடு கொடையாளியின் வெள்ளையணுக்களும் கொஞ்சம் வரலாம். இரத்தம் ஏற்றிய கொஞ்ச நாளிலேயே பிள்ளையின் இரத்தத்தை எடுத்தால் யாரோ முகம் தெரியாத ஒருவரின் டி.என்.ஏ.யும் கலந்து தெரியக்கூடும். அதனால்தான் பல ஆய்வுகூடங்கள் இரத்தம் ஏற்றியவர்களிடம் மூன்று மாதமாவது பொறுக்கச் சொல்கின்றன. உங்கள் மகனுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இன்று இரத்தம் எடுத்தாலும் பெரும்பாலும் சரியாகவே வரும். ஆனால் நாளைக்கு யாராவது, "வேறு ஆளின் இரத்தம் ஏறிய பிள்ளைதானே" என்று ஒரு வாசலைத் திறப்பார்கள். அந்த வாசலை இன்றே அடைத்துவிடலாம். கன்னத்துத் தோல் அவனுடையது. படிவத்தில் இரத்தம் ஏற்றியதா என்ற கேள்வி இருக்கும். மறைக்காமல் திகதியோடு எழுதுங்கள். திகதி வைத்தியசாலை விட்டபோது தந்த அட்டையில் இருக்கும். கணவருக்கும் இதே கேள்வி பொருந்தும். விபத்து, சத்திரசிகிச்சை என்று அவருக்கு அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தால் சொல்ல வேண்டும். எலும்பு மச்சை மாற்றியவர்களின் நிலை வேறு. அவர்களின் இரத்தம் கொடையாளியின் டி.என்.ஏ.யைத்தான் காட்டும், வாய் மாதிரியிலும் அது கலந்து வரும். அப்படியானவர்கள் ஆய்வுகூடத்தோடு முன்கூட்டியே பேசியாக வேண்டும்.

இனி மச்சாளின் பொட்டலம். மயிரில் தந்தையைக் காட்டுகிற டி.என்.ஏ. இருப்பது வேரில், தோலுக்குள் புதைந்திருக்கிற அந்தச் சிறு வெள்ளைக் குமிழில். மொட்டையடிக்கும்போது சவரக்கத்தி தோலோடு ஒட்ட வழித்துக்கொண்டு போகும். வேர் பிள்ளையின் தலையிலேயே நிற்கும். பொட்டலத்தில் இருப்பது வெறும் இழை. அந்த இழையில் இருந்து சாதாரணமாக எடுக்கக்கூடியது மைற்றோகொண்ட்ரியா டி.என்.ஏ. என்ற வேறொரு வகை. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். நம் மட்டக்களப்பாருக்கு இதைப் புரியவைப்பது சுகம். குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாகத்தானே வருகிறது? கோயில் திருவிழாவில் பிள்ளையை எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்லும். தகப்பன் எந்தக் குடி என்பது அதில் தெரியாது. மயிரிழையின் டி.என்.ஏ.யும் அப்படித்தான். மச்சாள் அந்தப் பொட்டலத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாலும், பிள்ளை உங்கள் தாய்வழியைச் சேர்ந்தவன் என்றுதான் சாதாரணமாக அது சொல்லும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

வேரோடு பிடுங்கிய முடியில் செய்யலாம். ஆனால் ஐந்து மாதப் பிள்ளையின் தலையில் பத்து முடியைப் பிடுங்க வேண்டிய அவசியம் என்ன? பழைய பல்தூரிகை, சவர அலகு, வெட்டிய நகம் என்று வீட்டுக்குள் கிடக்கிற பொருட்களையும் சிலர் அனுப்புகிறார்கள். அவற்றில் டி.என்.ஏ. கிடைக்கவும் கூடும், கிடைக்காமலும் போகும். கிடைத்தாலும் அந்தத் தூரிகை யாருடையது என்று யார் சத்தியம் செய்வது? ஒரு வீட்டின் குளியலறையில் நான்கு தூரிகை ஒரே கோப்பையில் நிற்கிறது. ஆளே இல்லாதபோது கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டியவை அவை. உயிரோடு, நல்ல சுகத்தோடு இருக்கிற மனிதருக்கு அந்த வழி எதற்கு?

மாமாவின் மாதிரி பற்றியும் அப்படித்தான் சொல்வேன். ஆண்பிள்ளை என்பதால், ஆண்களிடம் மட்டும் இருக்கிற வை நிறமூர்த்தம் என்ற டி.என்.ஏ. பகுதி தகப்பன் வழியில் ஏறக்குறைய மாறாமல் இறங்கிவரும். மாமாவிடம் இருப்பதும் உங்கள் கணவரிடம் இருப்பதும் கணவரின் சகோதரர்களிடம் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆகவே அது பொருந்தினால் பிள்ளை இந்த ஆண்வழியைச் சேர்ந்தவன் என்று தெரியும். அந்த வழியில் யார் தந்தை என்று அது பிரித்துச் சொல்லாது. சந்தேகத்தை வளர்க்க நினைக்கிற வாய்க்கு அது இன்னொரு தீனி. தகப்பன் இறந்துவிட்ட, காணாமற்போன குடும்பங்களுக்கு மாமா, மாமி, சித்தப்பாமாரின் மாதிரிகள் பெரிய உதவி. நம் மாவட்டங்களில் அப்படியான பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வழியை நானே சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அது தேவையில்லை.

கன்னத்தில் எடுப்பது சுலபமென்று நினைத்து அலட்சியமாக எடுப்பதால்தான் அந்த முறைக்குக் கெட்ட பெயர் வருகிறது. எப்படி எடுக்க வேண்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன். எடுக்கிறவர் சரியாகச் செய்கிறாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளை தாய்ப்பால் குடிக்கிறான். பாலில் உங்கள் கலங்களும் இருக்கின்றன. பால் குடித்த வாயோடு எடுத்தால் குச்சியில் மகனோடு சேர்ந்து நீங்களும் வந்துவிடுவீர்கள். ஆகவே மாதிரி எடுக்க ஒரு மணி நேரம் முன்பு பாலைக் கொடுத்து முடித்துவிடுங்கள். எடுப்பதற்குச் சற்று முன் கொதித்தாறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் வாயின் உட்புறத்தை மெல்லத் துடைத்துவிட வேண்டும். நான் எடுக்கும்போது பிள்ளையைத் தாயின் மடியில் நெஞ்சோடு சாய்த்து வைக்கச் சொல்வேன். கையுறை போட்ட ஒரு விரலால் உதட்டோரத்தை விலக்கி, குச்சியைக் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவே வைத்து, மெல்ல உருட்டியபடி முப்பது வரை எண்ணுவேன். பிள்ளைகள் அழுவதே குறைவு. முலைக்காம்பு என்று நினைத்துக் குச்சியை இழுத்துச் சப்பத் தொடங்கிவிடுவார்கள். அப்போதுதான் கவனம் வேண்டும். சப்பினால் பஞ்சு எச்சிலில் ஊறும், கலம் ஏறாது. கன்னத்தோடு உரச வேண்டும். இரண்டு கன்னத்திலும் இரண்டு இரண்டு குச்சி. பஞ்சு முனையை எவர் விரலும் தொடக்கூடாது. ஊதக்கூடாது. பிள்ளையை முடித்துவிட்டுப் புதுக் கையுறை மாற்றிக்கொண்டுதான் உங்களிடம் எடுக்க வேண்டும்.

பெரியவர்கள் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல், தேநீர் குடிக்காமல், புகைக்காமல் இருந்து, வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது போதாது. பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையின் சாயமும் சாறும் டி.என்.ஏ.யைப் பெருக்குகிற வேலையைத் தடுத்துவிடும். படுவான்கரையில் இருந்து வந்த ஒரு பெரியவரிடம் எடுத்த முதல் குச்சி மாதுளம்பூ நிறத்தில் வெளியே வந்தது. அதை அப்படியே எறிந்துவிட்டு, மூன்று தரம் கொப்பளிக்கவைத்து, ஒரு மணி நேரம் வாசல் வாங்கில் இருத்திவிட்டுத்தான் மறுபடி எடுத்தேன். அவருக்கு என்மேல் கோபம். ஆனால் முடிவு ஒரே தடவையில் வந்தது.

எடுத்த குச்சியைக் காயவிட வேண்டும். இந்த மாரியில் அதை மறந்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். இணையத்தில் பெட்டி வரவழைத்து வீட்டிலேயே எடுத்த ஒரு குடும்பம், ஈரக் குச்சிகளைப் பொலித்தீன் பையில் போட்டு முடிச்சுப்போட்டு, நான்கு நாள் மேசையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தது. பையின் உட்பக்கம் வியர்த்திருந்தது. பஞ்சில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் கிருமி பெருகி டி.என்.ஏ.யைத் தின்றுவிடும். குச்சியைக் காற்றில் ஒரு மணி நேரம் காயவிட்டுக் கடதாசி உறையில்தான் போட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. அப்படிக் காய்ந்த குச்சி குளிர்ப்பெட்டி இல்லாமலே பத்திரமாகக் கொழும்பு போய்ச் சேரும். இரத்தக் குழாய் என்றால் ஐஸ் பெட்டியில் குளிர்ச்சி குறையாமல் கொண்டுபோக வேண்டும். இங்கிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். அந்தத் தூரத்தை நினைத்தாலும் காய்ந்த குச்சிதான் நமக்குத் தோதானது.

இப்போது முத்திரை. மாதிரி எடுக்கிற நாளில் உங்கள் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொண்டுபோங்கள். எடுக்கிறவர் அவற்றின் பிரதியை வைத்துக்கொண்டு, உங்கள் இருவரையும் படம் பிடித்து, விரல் அடையாளம் வாங்கி, ஒவ்வொரு உறையிலும் பெயர், திகதி, நேரம் எழுதி, உங்கள் கண்முன்னாலேயே ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையொப்பமிட வேண்டும். பெயர் எழுதாத உறையில் கையொப்பம் வைக்காதீர்கள். உறைகளை வீட்டாரிடம் கொடுத்தனுப்புகிற ஆய்வுகூடம் என்றால் அங்கே எடுக்க வேண்டாம். மனத் திருப்திக்காகச் செய்வதுதானே, இவ்வளவு எதற்கு என்று கணவர் கேட்பார். வீட்டுத் திருப்திக்கென்று எடுத்த முடிவு, நாளை ஒரு பிணக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்காது. அப்போது பிள்ளையை மறுபடி கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். ஒரு தரம் எடுப்பதை ஒழுங்காக எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமிக்குப் பிறகு கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஒரு கைக்குழந்தையை 81ஆம் இலக்கக் குழந்தை என்று உலகமே பேசியது. பல குடும்பங்கள் உரிமை கோருவதாகச் செய்திகள் வந்தன. பெற்ற தாயும் தகப்பனும் பிள்ளையைத் தூக்க முடியாமல் வாரக்கணக்கில் தவித்தார்கள். கல்முனை நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, பிள்ளை பெற்றோரின் கையில் கொடுக்கப்பட்டது. ஊர்வாய் முழுவதையும் ஒரு கடதாசி அடைத்தது என்றால், நீதிமன்றத்தின் கண்முன்னால் நடந்த பரிசோதனை என்பதால்தான்.

கணவர் சித்திரைக்கு வருவார் என்றால் அதுவரை பொறுப்பது மிக நல்லது. மூவரும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொடுக்கலாம். அவரால் வர முடியாவிட்டாலோ, உங்களால் இந்தப் பேச்சை இனித் தாங்க முடியாவிட்டாலோ, அங்கேயே அவரிடம் எடுக்க வழி செய்யலாம். ஆய்வுகூடம் குச்சிப் பெட்டியைக் கணவரின் விலாசத்துக்கு அனுப்பாமல், அங்குள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு நேராக அனுப்ப வேண்டும். அங்கே கடவுச்சீட்டைப் பார்த்து எடுத்து, அங்கிருந்தே நேராக ஆய்வுகூடத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்கத் தூதரகம் விசாவுக்காகக் கேட்கிற பரிசோதனையில் இதே ஒழுங்குதான், பெட்டியை விண்ணப்பதாரரின் கையில் கொடுப்பதே இல்லை. இப்படிச் செய்து தருவீர்களா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கணவரின் குச்சி மச்சாளின் விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து போவதாக இருந்தால் நீங்கள் சம்மதிக்கக் கூடாது. மச்சாளைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவருக்கும் பிறகு பழி வரக்கூடாது.

உங்கள் மாதிரியையும் கட்டாயம் கொடுங்கள். தாய் இல்லாமலும் பரிசோதனை செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான். ஆனால் பிள்ளையின் டி.என்.ஏ.யில் பாதி உங்களுடையது. அந்தப் பாதி எது என்று தெரிந்தால், மிச்சப் பாதி முழுவதும் தகப்பனிடம் இருந்தே வந்திருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்லலாம். பிள்ளையின் குச்சியில் உங்கள் பாலின் கலங்கள் கலந்திருந்தால் அதைப் பிரித்துக் கண்டுபிடிக்கவும் உங்கள் மாதிரி உதவும்.

முடிவு வரும்போது கடதாசியில் இருபதுக்கு மேற்பட்ட வரிசைகளில் சோடி சோடியாக இலக்கங்கள் இருக்கும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று உங்களுடையது, மற்றது தகப்பனுடையது. கடைசியில் 99.99 என்பதுபோல ஒரு வீதம் போட்டிருக்கும். நூறு வீதம் என்று போடவில்லையே என்று மாமி கேட்டால் கலங்காதீர்கள். இது நிகழ்தகவுக் கணக்கில் சொல்லப்படுவது, அதனால் நூறு என்று போடுவதில்லை. பிள்ளையைக் கூப்பிடும் விசாவுக்குக் கனடா கேட்பதே 99.8 வீதம்தான். இன்னொன்றையும் இப்போதே தெரிந்துவைத்திருங்கள். இருபது வரிசையில் ஒன்று பொருந்தாமல் வரலாம். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும்போது சிலவேளை ஒரு இலக்கம் மாறிவிடுவது இயற்கை. ஒன்று பொருந்தாததை வைத்து ஒருவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அப்படி வந்தால் ஆய்வுகூடம் இன்னும் சில இடங்களைப் பார்த்துத்தான் முடிவு சொல்லும். பல இடங்களில் பொருந்தாவிட்டால்தான் தந்தை அல்ல என்பார்கள். கடதாசியை வட்ஸ்அப்பில் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் அர்த்தம் கேட்காதீர்கள். முடிவு தந்தவரிடம் கேளுங்கள்.

பரிசோதனையைத் தாண்டி இரண்டு விடயம் இருக்கிறது. மாமியின் விரல் கணக்கு முதலாவது. வைத்தியர்கள் வாரத்தை எண்ணத் தொடங்குவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. கரு தரிப்பது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. முப்பத்துமூன்று வாரத்தில் பிறந்த பிள்ளை, வயிற்றில் உருவாகி முப்பத்தொரு வாரத்தில் பிறந்த பிள்ளை. முப்பத்தொரு வாரம் என்றால் 217 நாள், ஏழு மாதமும் ஒரு கிழமையும். கணவர் தைப்பொங்கலோடு வந்தார், பிள்ளை ஆவணியில் பிறந்தான். மாமி எண்ணிய ஏழு மாதம் சரி. அது பிள்ளையின் கணக்கோடு பொருந்துகிறதே தவிர முரண்படவில்லை. கிளினிக் அட்டையில் முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அது கர்ப்பத்தின் வயதைச் சுமார் ஒரு கிழமைக்குள் சரியாகச் சொல்லும். மகப்பேற்று வைத்தியரிடம் அந்த அட்டையைக் காட்டி, கணவரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டே விளக்கச் சொல்லுங்கள். அதோடு அவர் மனம் ஆறினால் ஒருவர் வாயிலும் குச்சி வைக்க வேண்டிய தேவையே வராது. எனக்கு விருப்பமும் அதுதான்.

இரண்டாவது, பணம். இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி, திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த பிள்ளை கணவரின் பிள்ளைதான். கரு தரித்திருக்கக்கூடிய காலத்தில் அவர் மனைவியை அணுகவே வாய்ப்பில்லை என்றோ, அவருக்கு ஆண்மை இல்லை என்றோ நிரூபித்தாலன்றி அதை அசைக்க முடியாது. உங்கள் கணவர் அந்த ஆறு வாரமும் உங்களோடுதான் இருந்தார். ஆகவே பரிசோதனை முடிவு வந்தால்தான் பிள்ளைக்குச் செலவுப் பணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் பகுதி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கட்டக் கையில் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். இதைக் கணவரோடு சண்டை பிடிப்பதற்காகச் சொல்லவில்லை. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கிளினிக் போகவும், நீங்கள் பால் கொடுக்கிற உடம்புக்கு நேரத்துக்குச் சாப்பிடவும் காசு வேண்டும்.

மாதிரி எடுப்பது என்று முடிவானால் வருவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். காலையில் வெளிக்கிடுவதாக இருந்தால் பஸ்ஸில் வைத்தே பாலைக் கொடுத்துவிடுங்கள், இங்கே வந்து காத்திருக்கிற நேரம் குறையும். அந்த முடிப் பொட்டலத்தையும் மச்சாளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுகூடத்துக்கு அதில் வேலையில்லை. முப்பத்தோராம் நாள் அவன் தலையிலிருந்து வழித்த முதல் முடி அது, உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா